எதிர்க்காற்றின் கணக்கு

சைக்கிளில் நெடுந்தூரம் போகிறவர்களின் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினால் ஒவ்வொரு தேதிக்கும் எதிரே ஓர் எண் இருக்கும். அன்று ஓட்டிய கிலோமீட்டர். தங்கிய ஊர், சாப்பிட்ட சாப்பாடு, பஞ்சர் ஒட்டிய இடம் எல்லாம் அதற்குப் பிறகுதான். நூறைத் தாண்டினால் நல்ல நாள். ஐம்பதுக்குள் நின்றுவிட்டால் கெட்ட நாள். இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. ஹேண்டில்பாரில் மீட்டர் மாட்டிய அன்றே தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. இது தப்பான கணக்கு என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஆடி மாதத்தில் திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்குப் போன ஒரு நாள் எனக்கு அதைத் தெளிவாக்கியது.

அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடலிலிருந்து கிளம்பி வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதுகிறது. மழையை அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, மலையில் எங்கே இடைவெளி கிடைக்கிறதோ அங்கே நெருக்கியடித்துக்கொண்டு கிழக்கே பாய்கிறது. தமிழ்நாட்டுப் பக்கம் அப்படிக் காற்றுக்குப் பேர்போன இடங்கள் பாலக்காட்டுக் கணவாய், கம்பம் பள்ளத்தாக்கு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி. கடைசியாகச் சொன்னது மகேந்திரகிரிக்குத் தெற்கே, மலைத்தொடர் முடியப்போகிற இடத்தில் இருக்கிறது. பாண்டி நாட்டிலிருந்து நாஞ்சில் நாட்டுக்குள் நுழையும் வாசல் இது. 1809-இல் வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சியை அடக்க வந்த கம்பெனிப் படை இந்தக் கணவாயின் அரணை உடைத்துத்தான் திருவிதாங்கூருக்குள் இறங்கியது. படைகளுக்கு எது வாசலோ அதுவே காற்றுக்கும் வாசல்.

கணவாயின் கிழக்குப் பக்கம் முப்பந்தல். இசக்கியம்மன் கோயிலின் முன்னால் லாரிகளும் பஸ்களும் நின்று கும்பிட்டுவிட்டுப் போகும் இடம். அதைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை காற்றாலைகள். சுமார் 1,500 மெகாவாட் திறன் கொண்ட இந்தத் தொகுப்பு நாட்டின் மிகப்பெரிய காற்றாலைத் தொகுப்புகளில் ஒன்று. இவ்வளவு இரும்பை ஓர் இடத்தில் கொண்டுவந்து நட்டிருக்கிறார்கள் என்றால் அங்கே அடிக்கும் காற்று எப்படிப்பட்டது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பதைச் சின்ன வயதிலிருந்து கேட்டவர்கள் நாங்கள். தெரிந்தேதான் போனோம். அந்தக் காற்றை உடம்பால் அறிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசைதான் அந்த மாதத்தைத் தேர்ந்தெடுக்க வைத்தது.

நண்பரும் நானும் இருட்டோடு கிளம்பினோம். பின் கேரியரின் இருபுறமும் பைகள். ஆளும் வண்டியும் சுமையும் சேர்ந்து ஒவ்வொருவரும் ஏறக்குறைய நூறு கிலோ. நாங்குநேரி வரை சாலை எங்களுடையதாக இருந்தது. வள்ளியூரில் இட்லி சாப்பிட்டு எழுந்தபோது கடையின் பிளெக்ஸ் தட்டி படபடக்கத் தொடங்கியிருந்தது. வானத்தில் மேகங்கள் கிழக்கே ஓடிக்கொண்டிருந்தன. ஒரு சொட்டு மழை இல்லை. மகேந்திரகிரியின் தலையில் மட்டும் மேகம் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

பணகுடிப் பக்கம் சாலை தெற்கே போகிறது. காற்று மேற்கிலிருந்து, அதாவது வலப்பக்கத்திலிருந்து அடிக்கிறது. அது சைக்கிளைச் சாலையோர மண்ணை நோக்கி இடப்பக்கமாகத் தள்ளும். விழாமலிருக்க உடம்பு தானாகவே வலப்பக்கம் சாய்ந்து ஓட்டப் பழகிக்கொள்ளும். அந்த நேரம் வலப்பக்கமாக ஒரு லாரி கடக்கும். லாரியின் நீளத்துக்குக் காற்று சட்டென்று அறுந்துவிடும். சாய்ந்திருந்த உடம்புக்கு முட்டுக் கிடைக்காமல் சைக்கிள் லாரியை நோக்கியே போகும். லாரி விலகிய அடுத்த நொடி காற்று மொத்தமாக வந்து தோளில் அறையும். காதில் இரைச்சல் நிறைந்திருப்பதால் பின்னால் அடுத்த வண்டி வருவது கேட்காது. இதில் உயிர் பிழைக்க ஒரே வழி, கைப்பிடியை இறுக்காமல் இருப்பது. பயத்தில் இறுக்கினால் தோளில் விழும் ஒவ்வோர் அடியும் நேராக முன்சக்கரத்துக்குப் போய்விடும். முழங்கையை மடக்கி, விரல்களைத் தளர்த்தி, வெள்ளைக் கோட்டுக்கு வெளியே நன்றாக ஒதுங்கி, இருவருக்கும் நடுவே இடைவெளி விட்டு ஓட்டினோம். பயம் ஒன்று சொல்லும்போது கை அதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். அதற்கே முழுக் கவனமும் போய்விடும்.

காவல்கிணற்றில் பாதை பிரிகிறது. ஒன்று கன்னியாகுமரிக்கு, மற்றது மேற்கே திரும்பி ஆரல்வாய்மொழி வழியாக நாகர்கோவிலுக்கு. நாங்கள் மேற்கே திரும்பினோம். பக்கத்திலிருந்து அடித்த காற்று இப்போது முகத்துக்கு நேரே வந்தது. காற்றாலைகள் எப்போதும் காற்று வரும் திசையைப் பார்த்தே திரும்பி நிற்கும். அத்தனை காற்றாலைகளும் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தன. நாங்களும் அதே திசையைப் பார்த்துத்தான் மிதித்தோம்.

சமதரையில் சைக்கிள் ஓட்டுகிறவருக்குப் பெரிய எதிரி காற்றுத் தடை. முகத்தில் படும் காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்காகும். கணக்குப் போட்டுப் பார்த்தால், சுமையோடு நிமிர்ந்து உட்கார்ந்து காற்றில்லாத இடத்தில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் சுகமாகப் போக எவ்வளவு சக்தி வேண்டுமோ, அதே சக்தியை 30 கிலோமீட்டர் வேக எதிர்க்காற்றில் செலவழித்தால் கிடைப்பது சுமார் 8 கிலோமீட்டர் வேகம்தான். கால் அதே கால்தான், உழைப்பும் குறையவில்லை. தூரம் மட்டும் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. பழைய 20 கிலோமீட்டர் வேகம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் ஏறக்குறைய நான்கு மடங்கு சக்தி வேண்டும். பயிற்சி பெற்ற பந்தய வீரர்கள் கொஞ்ச நேரம் அதைத் தருவார்கள். நம்மைப் போன்றவர்கள் சில நிமிடங்களில் கால் செத்து இறங்கிவிடுவோம். காற்றாலைக்கும் இதே இயற்பியல்தான். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலிருந்து எடுக்கக்கூடிய மின்சாரம் எட்டு மடங்காகும். எங்களை நிறுத்திய விதி அவற்றை ஓட்டிக்கொண்டிருந்தது.

மலையேற்றத்தோடு இதை ஒப்பிட்டால்தான் இதன் கொடுமை தெரியும். வால்பாறைச் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். எத்தனை முடிந்தது, எத்தனை பாக்கி என்பது தெரியும். ஏறும்போது செலவழித்ததை இறங்கும்போது மலை திருப்பிக் கொடுத்துவிடும். உச்சியில் நின்று திரும்பிப் பார்த்தால் வந்த வழி கீழே கிடக்கும். அதைப் பார்த்ததும் உடம்பே பெருமைப்படும். எதிர்க்காற்றுக்கு உச்சி கிடையாது, பலகை கிடையாது. செலவழித்தது எதுவும் திரும்பி வராது. இறக்கத்தில்கூட மிதிக்க வேண்டும். மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிள் நின்றுவிடும். திரும்பிப் பார்த்தால் ஒரு மணி நேரத்துக்கு முன்பு கடந்த பெட்ரோல் பங்க் இன்னும் அங்கேயே தெரியும். பயணம் போகிறவர்கள் மலையைப் பற்றி ஆசை ஆசையாக எழுதுவதும், காற்றைப் பற்றிப் புலம்பலாக எழுதுவதும் இதனால்தான். உழைப்புக்கும் பலனுக்கும் நடுவே இருக்கும் கயிற்றைக் காற்று அறுத்துவிடுகிறது. அந்தக் கயிறு இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் நாம் பெரும்பாலான வேலைகளைச் செய்கிறோம்.

எதிர்க்காற்றில் இரண்டு பேர் போவதற்கு ஒரு முறை உண்டு. ஒருவர் முன்னால் போய்க் காற்றை வாங்கிக்கொள்ள, மற்றவர் அவருடைய பின்சக்கரத்தை ஒட்டினாற்போல் நிழலில் வருவார். பின்னால் வருபவருக்குச் சிரமம் நன்றாகக் குறையும். முறை மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். எதை வைத்து மாற்றுவது? கிலோமீட்டர் கல்லை வைத்து மாற்றுவது இயல்பாகத் தோன்றும். ஆனால் காற்று கூடிய நேரத்தில் முன்னால் மாட்டிக்கொண்டவர் அதே ஒரு கிலோமீட்டருக்கு இரண்டு மடங்கு நேரம் உழைக்க வேண்டியிருக்கும். நியாயமான பங்கு நேரத்தில்தான் இருக்கிறது. ஐந்து நிமிடம் அவர், ஐந்து நிமிடம் நான். அந்த ஐந்து நிமிடத்தில் எவ்வளவு தூரம் போனோம் என்பது யாருடைய தகுதியையும் காட்டாது. தூரத்தை விட்டுவிட்டு நேரத்தைப் பிடித்துக்கொண்டதும் பதற்றம் பாதியாகக் குறைந்தது.

மிச்சப் பதற்றம் வயிற்றிலிருந்து வந்தது. உடம்பு தசையிலும் ஈரலிலும் கிளைக்கோஜனாகச் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரை சுமார் 2,000 கிலோகலோரி அளவுக்குத்தான் வரும். விடாமல் கடுமையாக மிதித்தால் இரண்டு மூன்று மணி நேரத்தில் அது தீர்ந்துபோகும். கொழுப்பு நிறைய இருந்தாலும் அது மெதுவாகத்தான் எரியும். மூளையோ சர்க்கரையை நம்பியே வேலை செய்வது. சேமிப்பு தீரும்போது கால் தளர்வதோடு நிற்பதில்லை, எண்ணமும் இருண்டுவிடும். எதற்காக வந்தோம், இதில் யாருக்கு என்ன லாபம், இந்த வயதில் இது தேவையா என்று பெரிய பெரிய கேள்விகளாக எழும். இரண்டு வாழைப்பழமும் ஒரு கருப்பட்டிக் காப்பியும் உள்ளே போய் அரை மணி நேரம் ஆனதும் அந்தக் கேள்விகளில் பாதி காணாமல் போய்விடும். மன உறுதி என்று நாம் கொண்டாடுவதில் பெரும்பகுதி நேரத்துக்குச் சாப்பிட்டதன் விளைவு. தண்ணீரும் அப்படியே. காற்றில் வேர்வை துளிர்க்கும்போதே உலர்ந்துவிடுவதால் வேர்ப்பதே தெரியாது. தாகமும் தெரியாது. சட்டையின் முதுகில் உப்பு வெள்ளை வெள்ளையாகக் கோடு போட்டிருப்பதைப் பார்த்துத்தான் எவ்வளவு இழந்திருக்கிறோம் என்று புரிந்துகொள்ள வேண்டும்.

முப்பந்தலை நெருங்கும்போது ஒரு பெரியவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். கனத்த பழைய சைக்கிள். கேரியரில் புல்லுக்கட்டு, அவர் உயரத்துக்கு. அந்தக் கட்டு காற்றை வாங்கினால் ஆளையே சாய்த்துவிடும். அவர் இடது கையை ஹேண்டில்பாரிலும் வலது கையை சீட்டுக்குப் பின்னால் கட்டின் கயிற்றிலும் வைத்திருந்தார். காற்று ஓங்கி வரும்போது நின்றுவிடுவார். கட்டோடு தோளைச் சேர்த்து அண்டக் கொடுத்து, தலையைக் குனிந்துகொள்வார். தணிந்ததும் நடப்பார். அவசரமும் இல்லை, அலுப்பும் இல்லை. நாங்களும் இறங்கி அவரோடு கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு போனோம்.

"வீடு இன்னும் எவ்வளவு தூரம் ஐயா?" என்று நண்பர் கேட்டார்.

"தூரமெல்லாம் கெடயாது தம்பி. ஏறி மிதிச்சா கால் மணி நேரம். இன்னைக்கு மாதிரி தள்ளுனா ஒரு மணி நேரம். மாடு நிக்கத்தானே செய்யும்."

தூரத்தைக் கேட்டதற்கு அவர் நேரத்தைச் சொன்னார். இன்றைய காற்றுக்கு இன்றைய நேரம். நேற்றைய கால் மணி நேரத்தோடு இன்றைய ஒரு மணி நேரத்தை வைத்துப் பார்த்து அவர் வருத்தப்படவில்லை. சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளுவது அவருக்கு ஓட்டுவதன் ஒரு பகுதி. பயணம் போகிற எங்களைப் போன்றவர்கள்தான் தள்ளுவதைத் தோல்வியாக எண்ணுகிறோம். பிழைப்புக்காகச் சைக்கிளைத் தொட்ட தலைமுறைக்கு அந்த எண்ணமே இருந்ததில்லை. அரிசி மூட்டை, வாழைத்தார், மீன் கூடை எதுவானாலும் பாரத்தைப் பார்த்து, மேட்டைப் பார்த்து, ஏறுவார்கள், இறங்குவார்கள்.

அடுத்த டீக்கடையில் நின்றோம். பாய்லருக்குக் காற்றுப் படாமல் மூன்று பக்கமும் தகரம் அடைத்திருந்தார்கள். கடைக்கார அக்கா எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் தண்ணீர்ச் செம்பை நீட்டினார். நண்பர் மீட்டரைப் பார்த்துக்கொண்டே, எத்தனை மணிக்கு அக்கா காற்று நிற்கும் என்றார்.

"காத்து ஆவணி வரைக்கும் நிக்காது தம்பி. நீங்கதான் நிக்கணும். ரெண்டு மணிக்கூரு இருங்க, வெயில் தாழட்டும். வெடியக்காலமும் சாயங்காலமும் கொஞ்சம் அடங்கும்."

இருந்தோம். மோரில் உப்புப் போட்டுத் தந்தார். பெஞ்சில் சாய்ந்து படுத்தால் தகரத்தில் காற்று உரசும் சத்தம். அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு கிலோமீட்டர்கூடக் கூடவில்லை. அன்றைய பயணத்தில் உருப்படியாகச் செய்த காரியம் அதுதான் என்று இன்றும் சொல்வேன்.

பெரிய பயணங்களின் கணக்கை எடுத்துப் பார்த்தாலும் இதுவே தெரிகிறது. 1923 அக்டோபரில் பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் உலகம் சுற்றச் சைக்கிளில் கிளம்பினார்கள். ஆதி ஹக்கிம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பும்காரா என்ற மூன்று பேர் மட்டும் சுற்றி முடித்து 1928 மார்ச்சில் திரும்பி வந்தார்கள். பாரசீகப் பாலைவனம், சினாய் மணல் எல்லாம் அவர்கள் வழியில் இருந்தன. மொத்தம் 71,000 கிலோமீட்டர் என்பது கேட்பதற்கு மலைப்பாக இருக்கிறது. நான்கு ஆண்டு ஐந்து மாதத்தால் வகுத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு 44 கிலோமீட்டர். பள்ளிக்கூடப் பையன் அரை நாளில் ஓட்டிவிடும் தூரம். மணலில் இழுத்துக்கொண்டு போன நாட்கள், காய்ச்சலில் படுத்த நாட்கள், கப்பலுக்கும் காகிதத்துக்கும் காத்திருந்த நாட்கள், ஊரார் உபசாரத்தில் தங்கிய நாட்கள் எல்லாம் அந்த 44-க்குள் அடக்கம். தூரம் கொடுக்காத நாட்களைத் தாங்க முடிந்தவர்களால்தான் அத்தனை பெரிய தூரத்தைப் போக முடிந்தது. ஒவ்வொரு நாளும் தன்னை நிரூபித்தாக வேண்டும் என்று நினைக்கிறவர் பாரசீகத்தைத் தாண்டியிருக்க முடியாது.

சாலைகளையும் நாம் இப்போது அந்த ஒற்றை எண்ணை வைத்தே போடுகிறோம். மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதுதான் நான்குவழிச் சாலையின் தர்மம். பழைய பெருவழிகளில் இரண்டு பக்கமும் புளியமரங்கள் நின்றன. அவை நிழலுக்கு மட்டும் நிற்கவில்லை. பக்கக்காற்றை உடைத்துச் சாலையில் போகிறவனைக் காப்பாற்றின. சாலையை அகலப்படுத்தியபோது மரங்கள் போயின. காருக்குள் இருப்பவருக்கு ஆரல்வாய்மொழிக் காற்று என்று ஒன்று கிடையாது. கண்ணாடிக்கு வெளியே காற்றாலை சுற்றுவது அவருக்கு ஒரு காட்சி. அதே காற்றில் மேல்நிலைப் பள்ளி மாணவிகள் அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டியில் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். காற்று மீறும்போது இறங்கி வரிசையாகத் தள்ளிக்கொண்டு போகிறார்கள், பேச்சு நிற்காமல். அவர்களுக்காகவாவது இந்தச் சாலையோரங்களில் மரம் வைக்க வேண்டும், சைக்கிளுக்கென்று ஒரு தடம் ஒதுக்க வேண்டும். பருவத்துக்குப் பருவம் காற்று எந்தத் திசையில் எவ்வளவு அடிக்கும் என்று அளந்து காற்றாலை நட்டுவிட்டோம். அதே அளவையை வைத்து மரம் நடுவது முடியாத காரியமில்லை.

வெயில் தாழ்ந்த பிறகு கிளம்பிக் கணவாயைக் கடந்தோம். ஆரல்வாய்மொழியைத் தாண்டியதும் மலைகள் இருபுறமும் விலகிக்கொள்கின்றன. இடம் அகன்றதால் காற்றின் வேகம் குறைகிறது. தோவாளையில் வயல் பச்சையும் பூக்கடைகளும் வந்தன. நாகர்கோவிலுக்குள் நுழைந்தபோது தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. எண்பது கிலோமீட்டருக்கு ஒரு முழுப் பகல். மீட்டரைக் கேட்டால் அது நல்ல நாள் இல்லை. ஆனால் தென்மேற்குப் பருவக்காற்று என்பது என்ன, மழை மறைவுப் பிரதேசம் என்பது என்ன, திருநெல்வேலிச் சீமை ஏன் காய்ந்து கிடக்கிறது, நாஞ்சில் நாடு ஏன் நனைந்து கிடக்கிறது என்பதை என் தோளும் தொடையும் அறிந்துகொண்ட நாள் அது. பள்ளிக்கூடப் புவியியல் புத்தகத்தில் அம்புக்குறியாகப் பார்த்ததை உடம்பால் படித்தேன்.

ஆடியில் தெற்கே சைக்கிளில் போக நினைப்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். இருட்டோடு கிளம்புங்கள். பசிக்கும் முன்பே சாப்பிடுங்கள், தாகத்துக்குக் காத்திருக்காமல் குடியுங்கள். வயிறு காலியாக இருக்கும்போது எந்த முடிவும் எடுக்காதீர்கள். காற்று மீறினால் இறங்கித் தள்ளுங்கள். அதற்கும் மேலே மீறினால் நில்லுங்கள். ராத்திரி நோட்டை விரித்து எழுதும்போது எத்தனை கிலோமீட்டர் என்று எழுதுவதற்கு முன்னால் எத்தனை மணி நேரம் மிதித்தீர்கள், காற்று எந்தப் பக்கம் அடித்தது, யார் தண்ணீர் கொடுத்தார்கள் என்று எழுதுங்கள். உழைப்பு முழுதாகக் கொடுத்த நாளில் குறைந்த தூரம் போனவர் எதிலும் குறைந்துவிடவில்லை.